கடலோர நிலக்காட்சிகளைப் படமெடுத்துப் பழகியவர், இலங்கை மலையகத்தின் பாறைகளையும் தோட்டப்புற அடையாளங்களையும் எப்படிப் படமெடுக்கலாம்?

நான் அப்புத்தளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவன். கெமராவுடன் இந்தச் சரிவுகளில் அலைவது பல ஆண்டுப் பழக்கம். கடற்கரையில் வற்றையும் பெருக்கையும் பார்த்து நேரம் குறித்திருப்பீர்கள். இங்கே, நீங்கள் எடுக்கப்போகும் சரிவு எந்தத் திசையை நோக்கி நிற்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்று ஹட்டன், நுவரெலியாப் பக்கத்தை நனைக்கும். அதே ஜூலை, ஆகஸ்டில் மலையைத் தாண்டி இறங்கும் காற்று வறண்டுவிடுவதால் பதுளை, வெலிமடைப் பக்கம் வானம் தெளிவாக இருக்கும். வடகீழ்ப் பருவக்காற்றின் காலத்தில் இது தலைகீழாகும். பயணிகள் பெரும்பாலும் கவனிக்காத இன்னொன்று வெயிலின் திசை. அப்புத்தளையிலிருந்து ஹோட்டன் சமவெளி வரை தெற்கு நோக்கி நிற்கும் பெருஞ்சரிவின் மீது, ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் தென்கிழக்கில் உதிக்கும் சூரியன் பக்கவாட்டில் விழுவதால், ஒவ்வொரு முகடும் மடிப்பும் நிழலோடு பிரிந்து தெரியும். ஜூன் மாதத்தில் சூரியன் நாள் முழுவதும் வடபுறமாகவே செல்வதால் அதே சரிவு ஆழமே இல்லாததுபோல் கிடக்கும். ஆகவே தென்சரிவுக்குப் பெப்ரவரியையும், பதுளை, வெலிமடைப் பக்கமான ஊவாப் பள்ளத்தாக்கின் புல்வெளிகளுக்கு ஜூலையையும் பரிந்துரைப்பேன்.

ஹோட்டன் சமவெளியில் ‘உலக முடிவு’ (World's End) என்னும் செங்குத்து விளிம்பில் நிலம் சுமார் 870 மீற்றர் சரிகிறது. அங்கே நான் முதன்முறை போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. வெள்ளைத் துணியைக் கட்டித் தொங்கவிட்டதுபோல் மூடுபனி எழும்பியிருந்தது. எனவே அதிகாலையில் பூங்காவின் நுழைவாயில் திறந்தவுடன் நடக்கத் தொடங்குங்கள்.

இந்த மலைகள் எரிமலையால் உண்டானவையா என்று என்னிடம் கேட்டவர்கள் பலர். இல்லை, மிகப் பழைய படிவுப் பாறைகளும் தீப்பாறைகளும் நிலத்தின் ஆழத்தில் புதைந்து, ஏறத்தாழ 55 முதல் 61 கோடி ஆண்டுகளுக்கு முன் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் உருமாறியவை. கடற்கரையில் அலை பாறையைக் கழுவி வெளிக்காட்டுகிறது. இங்கோ ஆழமாக உக்கிய மண்ணும் தேயிலையும் அதை மூடிவிடுகின்றன. எனவே பாறையைப் பார்க்க வேண்டுமானால் அருவிகளின் அடிவாரம், ஓடைப் படுக்கை, வீதிக்காக வெட்டிய மண்மேடு ஆகியவற்றைத் தேடிச் செல்லுங்கள். இப்படி உருமாறிய நைஸ் (gneiss) பாறையில் வெளிர்நிறப் படிகமும் கறுப்புக் கனிமமும் பட்டை பட்டையாக நெளிந்து ஓடுவதை அங்கே காணலாம். மழை விட்ட மேகமூட்டமான பொழுதில், முனைவாக்க வடிகட்டியால் (polarizing filter) ஈரத்தின் பளபளப்பைக் குறைத்து எடுத்தால் அந்தப் பட்டைகள் நன்றாக எழும். அகலக் கோண வில்லையை இதற்கு எடுக்காதீர்கள்.

தெமோதரைக்கு அருகில், 1921இல் கட்டி முடிக்கப்பட்ட ஒன்பது வளைவு ரயில் பாலத்தின் மேல் நின்று தற்படம் எடுப்போருக்குக் குறைவில்லை. எதிரிலுள்ள தேயிலைச் சரிவிலிருந்து எடுத்தால்தான், இந்தப் பள்ளத்தைக் கடக்க இத்தனை வளைவுகள் ஏன் தேவைப்பட்டன என்பது படத்திலேயே விளங்கும்.

தோட்டத்துக்குள் கொழுந்தை நிறுக்கும் கொழுந்து மடுவம், காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பிரட்டுக்களம், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தை ஒட்டிய மாரியம்மன் கோவில் ஆகியவையே எங்கள் அடையாளங்கள். ஆனால் கொழுந்து நிறுக்கும் நேரத்தில் குறுக்கே போய் நிற்காதீர்கள். அன்றைய சம்பளமே அந்தத் தராசில் இருக்கிறது. லயத்து வாசலையும் ஆட்களையும் கேட்டுவிட்டுத்தான் எடுக்க வேண்டும். என் அம்மா கூடையோடு நிற்கும் படங்கள் எத்தனையோ வெளியூர்க்காரர்களிடம் இருக்கக்கூடும். எங்கள் வீட்டில் இருப்பது அவருடைய அடையாள அட்டைப் படம் ஒன்றுதான். நீங்கள் யாரைப் படமெடுத்தீர்களோ அவருக்கு ஒரு பிரதியை அச்சிட்டு, தோட்டத்து முகவரிக்கு அனுப்பி வையுங்கள்.