ஜீன் மருந்தைச் சுமந்துபோய்ச் சரியான இடத்தில் தானாகவே அவிழ்த்துவிடும் நானோ துகள்கள் நிஜமாகவே பயன்பாட்டில் இருக்கின்றனவா?

இருக்கின்றன. 2018-இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்த பட்டிசிரான் அப்படிப்பட்ட மருந்துதான். பரம்பரையாக வரும் ஒரு நரம்பு நோய்க்கானது. ஈரல் தயாரிக்கும் ஒரு புரதம் உருக்குலைந்து நரம்புகளில் படிவதால் வரும் நோய் அது. பட்டிசிரான் ஜீனைத் திருத்துவதில்லை. ஜீன் அனுப்பும் செய்தியை அழித்து, அந்தப் புரதம் உருவாவதைக் குறைக்கிறது.

செய்தியை அழிக்கும் இந்த மருந்து ஆர்என்ஏ என்ற மூலக்கூறு; அதைச் சுமப்பது லிப்பிட் எனப்படும் கொழுப்பு வகைப் பொருளாலான நானோ துகள். நான் அப்படிப்பட்ட லிப்பிட் துகள்களோடு வேலை செய்கிறவன். செல்லுக்குள் நுழைவதைவிட, நுழைந்த பிறகு தப்பிப்பதுதான் பெரும்பாடு. துகளைச் செல் எண்டோசோம் என்ற சவ்வுப் பைக்குள் வைத்துத்தான் விழுங்குகிறது. அதிலிருந்து வெளியே வராவிட்டால் ஆர்என்ஏ சிதைந்துபோகும்.

அமிலத்தன்மையைக் காட்டும் அளவு பிஎச்; அது குறையக் குறைய அமிலம் அதிகம். ரத்தத்தின் பிஎச் 7.4. அந்தப் பைக்குள் போகப் போக அமிலத்தன்மை ஏறி, பிஎச் 6-க்கும் கீழே இறங்கும். பட்டிசிரானில் இருக்கும் எம்சி3 என்ற லிப்பிட் ரத்தத்தில் ஏறக்குறைய மின்னூட்டமே இல்லாமல் இருக்கும். அமிலம் பட்டதும் நேர்மின்னூட்டம் பெற்று, பையின் சவ்வில் உள்ள எதிர்மின் லிப்பிடுகளோடு ஒட்டிச் சவ்வைக் குலைத்துவிடும்.

துகளைத் தயாரிப்பதும் இதே குணத்தை வைத்துத்தான். ஆல்கஹாலில் கரைத்த லிப்பிடையும், பிஎச் 4 கரைசலில் உள்ள ஆர்என்ஏவையும் மெல்லிய குழாய்களில் வேகமாகச் செலுத்திக் கலக்கிறோம். அமிலத்தில் நேர்மின்னூட்டம் ஏறிய லிப்பிட் ஆர்என்ஏவைக் கவ்விக்கொள்ளும். தெளிவாக உள்ளே போன இரண்டு திரவங்களும் லேசான நீலம் கலந்த பால் நிறத்தில் வெளியே வரும். அப்புறம் நடுநிலைக் கரைசலில் டயாலிசிஸ் செய்தால், அதாவது நுண்துளைச் சவ்வு வழியே வடிகட்டினால், ஆல்கஹால் போய்விடும், மின்னூட்டமும் அடங்கிவிடும். எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி இது.

இவ்வளவு செய்தும், 2013-இல் வெளியான ஓர் ஆய்வின் கணக்குப்படி, பையிலிருந்து தப்பும் ஆர்என்ஏ 1 முதல் 2 சதவீதம்தான். ஒளி, காந்தம், நொதி என்று விதவிதமான தூண்டல்களுக்குத் திறக்கும் துகள்களைப் பற்றி நிறைய படிக்கலாம். ஆனால் பாகங்கள் கூடக் கூட, ஒரே சீராகத் தயாரிப்பது கஷ்டமாகிவிடும். அதைவிட இந்த 1, 2 சதவீதத்தை உயர்த்துவதுதான் அவசர வேலை என்பது என் கருத்து.

இன்னொரு சிக்கல், துகள்கள் பெரும்பாலும் ஈரலுக்கே போய்ச் சேர்வது. ரத்தத்தில் உள்ள அபோஇ என்ற புரதம் மேலே ஒட்டிக்கொள்ள, ஈரல் செல்கள் அதை அடையாளம் கண்டு இழுத்துக்கொள்கின்றன. ஈரல் நோய்களுக்கு இது வரம். 2025-இல் ஃபிலடெல்ஃபியாவில், உடலில் அம்மோனியா சேரும் பிறவிக் கோளாறோடு பிறந்த ஒரு குழந்தைக்கு, அவனுக்கென்றே வடிவமைத்த ஜீன் திருத்த மருந்தை லிப்பிட் துகளில்தான் செலுத்தினார்கள். வைரஸ் வழியாகக் கொடுத்தால் எதிர்ப்புச் சக்தி உருவாகி, மறுபடி கொடுப்பது சிரமம். துகள் என்பதால் அவனுக்கு மூன்று தவணை கொடுக்க முடிந்தது.

துகள்களை ஈரலுக்குப் பதிலாக நுரையீரலுக்குத் திருப்ப, எப்போதும் நேர்மின்னூட்டத்தோடு இருக்கும் ஒரு லிப்பிடைக் கூடுதலாகச் சேர்க்கும் முறை 2020-இல் எலிகளில் பலித்திருக்கிறது.