கசாப்புன்னா உண்மையில என்ன அர்த்தம்? கொடூரமானவங்கள ஏன் கசாப்புக்காரன்னு திட்டுறாங்க?

எங்க அத்தா திண்டுக்கல்ல முப்பது வருஷத்துக்கு மேல ஆட்டுக்கறிக் கடை வச்சிருந்தாரு, அதனால இந்தக் கேள்விய பாத்துட்டு சும்மா தாண்டிப் போக முடியல.

முதல்ல ஒண்ணு, எங்க ஊர்ப்பக்கம் தொழில்ல இருக்கற யாரும் தன்னை கசாப்புக்காரன்னு சொல்லிக்க மாட்டாங்க. கறிக்கடைக்காரர், இல்லன்னா கறிக்கடை பாய், அவ்ளோதான். கசாப்புங்கறது வெளிய இருக்கறவங்க வாயில வர்ற வார்த்தை. அரபில கஸ்ஸாப், அது உருது வழியா நம்ம ஊருக்கு வந்துச்சு, வேர்ச்சொல்லுக்கு வெட்டுறதுன்னு அர்த்தம். இங்கிலீஷ் புட்சர் பழைய பிரெஞ்சுல இருந்து வந்தது, அங்க பூக்ன்னா கிடா, ஆக கிடா அறுக்கறவர்னுதான் அர்த்தம். ரெண்டு சொல்லுலயும் கொடூரம்னு எதுவும் கிடையாது, அதெல்லாம் பின்னாடி ஏத்தி வச்சது.

பழைய தமிழ்லயும் இந்தத் தொழிலுக்கு சொல் இருக்கு. பதிற்றுப்பத்துல கறி வெட்டி விக்கிறவங்களுக்கு பாசவர்னு பேரு, அவங்க கறி கொத்துற கட்டைக்கு ஊனம்னு பேரு. காலேஜ்ல இத படிச்சப்ப எனக்கு எங்க கடை கட்டைதான் ஞாபகம் வந்துச்சு, புளியமரக் கட்டை, நடுவுல குழி விழுந்து கிடக்கும், தினமும் ராத்திரி அத்தா அத சுரண்டி கல்லுப்பு தேச்சு வச்சுட்டுதான் வீட்டுக்கு வருவாரு.

தொழில்னா வெறும் வெட்டுறதுன்னு நினைக்கிறாங்க பாருங்க, அங்கதான் எனக்கு வருத்தம். வியாழக்கிழமை விடியறதுக்கு முன்னாடி அய்யலூர் சந்தைக்குப் போவோம், அத்தா ஆட்ட தூக்கிப் பாப்பாரு, முதுகுத்தண்டுக்கு ரெண்டு பக்கமும் விரல வச்சு அமுக்கிப் பாத்து இது ஒம்பது கிலோ வரும், இது எட்டுக்கு மேல தேறாதுன்னு சொல்லுவாரு, இருபது கிலோ ஆட்டுல பாதிதான் கறியா நிக்கும், அந்தக் கணக்கு ஒரு கிலோ தப்புனாலும் அன்னைக்கு லாபம் போச்சு. அறுக்கறதுக்கு முன்னாடி ஆட்டுக்கு தண்ணி காட்டணும், கத்திய அது கண்ணுல படற மாதிரி தீட்டக் கூடாது, ஒரு ஆடு பாக்க இன்னொரு ஆட்ட அறுக்கக் கூடாது, இது இஸ்லாம் மார்க்கத்துலயே உள்ள கட்டளை. மொட்டக் கத்திய வச்சிருந்ததுக்கு ஒரு தடவை கடைப் பையன அத்தா திட்டுன திட்டு எனக்கு இன்னும் காதுல இருக்கு, ஆட்டுக்கு வலிக்கும்லடான்னு. கறி பிரிக்கும்போது கத்தி மூட்டுக்குள்ள போகணும், எலும்புல பட்டா டக்குன்னு ஒரு சத்தம் வரும், அந்த சத்தம் கேட்டா அடுத்த கட்டையில நிக்கிறவர்கூட திரும்பிப் பாப்பாரு. தோல்ல ஒரு கீறல் விழுந்தா விலை பாதியாயிரும், அதனால உரிக்கும்போது கத்திய விட கை முஷ்டிதான் அதிகமா வேலை செய்யும். ஈரல், சுவரொட்டிங்கற மண்ணீரல், குடல், தலை, கால் எல்லாத்துக்கும் தனித்தனியா ஆள் வருவாங்க, எந்த வீட்டுல பிள்ளை பெத்த பொண்ணு இருக்கு, யாருக்கு நெஞ்செலும்பு சூப்புக்கு வேணும்னு எல்லாம் அவருக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட மனுசங்க பேர எடுத்து, கொலகாரன் எவனாச்சும் மாட்டுனா பேப்பர்லயும் டிவிலயும் கசாப்புக்காரன் மாதிரி வெட்டினான்னு போடறாங்க. கறிக்கடைக்காரர் கோவத்துல கத்தி எடுக்கறவர் இல்ல, கோவத்தோட கட்டை முன்னாடி நின்னா விரல் போயிரும்.

கொக்கென்று நினைத்தாயோ கொங்கணவான்னு நம்ம எல்லாருக்கும் தெரியும்ல, அதே மாதிரி கதை மகாபாரதத்துல வனபர்வத்துல இருக்கு, அங்க அது அந்தக் கேள்வி கேட்ட வீட்டம்மாவோட முடியாது. கொக்க எரிச்ச கௌசிகன்ங்கற தவசிய அந்தம்மா மிதிலைக்கு அனுப்புவாங்க, தர்மம்னா என்னன்னு அங்க இருக்கற ஒருத்தர்கிட்ட கேளுன்னு. அவன் போய்ப் பாத்தா அவரு கறி வித்துட்டு இருப்பாரு. தர்மவியாதர்னு பேரு. கடைய முடிச்சுட்டு வீட்டுக்குக் கூட்டிப் போயி, வயசான அப்பா அம்மாவ தான் எப்படிப் பாத்துக்கறேன்னு காட்டுவாரு. நாம பாதி கதையத்தான் சொல்லி வளத்திருக்கோம், மீதியும் பிள்ளைங்களுக்கு சொல்லணும்னு நான் நினைக்கிறேன்.

2008 நவம்பர்ல மும்பையில அந்த தாக்குதல் நடந்தப்ப நான் ஏழாவது படிச்சேன். பிடிபட்டவன் பேரு கசாப்னு டிவில ஓடுச்சு, பாகிஸ்தான் பஞ்சாப்ல அது கறி வெட்டுற சமூகத்தோட பேரு, அவ்ளோதான். ஆனா மறுநாள்ல இருந்து கிளாஸ்ல எனக்கும் அதான் பேரு. ஒரு வாரம் கழிச்சு அழுதுட்டே கடைக்குப் போயி அத்தாகிட்ட சொன்னேன். அவரு கட்டைய சுரண்டிட்டு இருந்தாரு, நிறுத்தல. முடிச்சு உப்பு தேச்சு கைய கழுவிட்டு வெளிய வந்து கடை போர்ட காட்டி, "என்ன எழுதிருக்கு, படி"ன்னாரு. ஆட்டுக்கறிக் கடைன்னு படிச்சேன். "யாராச்சும் கேட்டா இத சொல்லு"ன்னுட்டு ஷட்டர இறக்கிட்டாரு.