தேசியவாதமும் தாராளவாதமும்: எங்கே சேர்ந்தன, எங்கே பிரிந்தன?

கேள்வி: போட்டித் தேர்வுக்கு ஐரோப்பிய வரலாறு படிக்கிறேன். தேசியவாதம், தாராளவாதம் இரண்டும் பாடத்தில் ஒரே மூச்சில் வருகின்றன. ஆனால் ஜெர்மனியை ஒன்றிணைத்தது பிஸ்மார்க் என்ற பழமைவாதி. இரண்டையும் வேறுபடுத்தி எழுதச் சொன்னால் குழம்பிவிடுகிறேன். எப்படிப் பிரித்துப் பார்ப்பது?

பதில்: ‘நாம் என்பது யார், நம் எல்லை எதுவரை?’ என்று கேட்பது தேசியவாதம். ‘நம்மை ஆள்பவரின் கை எதுவரை நீளலாம், மீறினால் யார் தடுப்பது?’ என்று கேட்பது தாராளவாதம். எந்த நிகழ்வைப் படித்தாலும் இந்த இரண்டையும் தனித்தனியாகக் கேளுங்கள். பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும்.

அந்தக் காலத் தாராளவாதத்தை ‘எல்லாருக்கும் எல்லா உரிமையும்’ என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். பிரான்சின் 1791 அரசியலமைப்பில் வாக்குரிமை பெற 25 வயது நிரம்பிய ஆணாக இருக்க வேண்டும். குறைந்தது 3 நாள் கூலிக்கு நிகரான வரியும் கட்டியிருக்க வேண்டும். 1804-இல் வந்த நெப்போலியன் சட்டத்தொகுப்பு பிறப்பால் வந்த சலுகைகளுக்கு இடம் தரவில்லை. மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதும் அதே சட்டத்தில்தான் இருந்தது.

சரி, இரண்டும் எப்படி ஒட்டிக்கொண்டன? 1789-இல் பிரான்சின் மூன்றாம் எஸ்டேட், அதாவது மதகுருமாரும் பிரபுக்களும் அல்லாத பொதுமக்களின் பிரதிநிதிகள், தன்னை ‘தேசிய சபை’ என்று அறிவித்தபோது இரண்டு கேள்விகளுக்கும் ஒரே பதில் கிடைத்தது: மன்னரின் குடிகள் இனி ஒரு தேசம், இறையாண்மையும் அந்தத் தேசத்திடமே. நெப்போலியன் வீழ்ச்சியை ஒட்டி ஐரோப்பிய அரசுகள் நடத்தி 1815-இல் முடித்த வியன்னா மாநாடு பழைய அரச வம்சங்களைத் திரும்ப உட்கார வைத்தது. ஜெர்மானிய நிலம் 39 அரசுகளாக நின்றது, வட இத்தாலியின் லொம்பார்டியும் வெனிஸும் ஆஸ்திரியாவிடம் போயின. அரசியலமைப்பு கேட்டவரையும் ஒன்றுபட்ட நாடு கேட்டவரையும் ஆஸ்திரிய அமைச்சர் மெட்டர்னிக்கின் ஆட்கள் ஒரே சந்தேகக் கண்ணோடு பார்த்தார்கள். எதிரி ஒருவர் என்பதால் உருவான கூட்டணி இது.

அந்தக் கூட்டணிக்குள்ளேயே விரிசல் தெரிகிறது. 1830-இல் பிரிந்த பெல்ஜியம் மறு ஆண்டே தாராளமான ஓர் அரசியலமைப்பை எழுதிக்கொண்டது. கிரேக்கத்துக்கு 1832-இல் விடுதலை உறுதியானது. கூடவே பவேரியாவிலிருந்து ஓர் இளவரசரும் அரசராக வந்து சேர்ந்தார். அரசியலமைப்பு கிடைக்க 1844 வரை, அதுவும் ஒரு கிளர்ச்சிக்குப் பிறகு, காத்திருக்க வேண்டியிருந்தது. தேசம் கிடைத்துவிட்டால் உரிமையும் தானாகக் கிடைத்துவிடாது என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு இது. விடையில் எழுதுங்கள், பலர் எழுதுவதில்லை.

உண்மையான பிரிவு 1848. ஜெர்மனியை ஒன்றிணைக்கப் பிராங்க்பர்ட்டில் மே மாதம் கூடிய நாடாளுமன்றம், அது நீட்டிய மகுடத்தைப் பிரஷ்ய அரசர் ஏற்க மறுத்ததால் தோற்றது என்று பாடத்தில் ஒரு வரி வரும். அதற்கு முந்தைய கதை இன்னும் முக்கியம். அந்த நாடாளுமன்றத்தைக் கூட்ட வழிசெய்த முன்னோடி சபை, போலந்தைத் துண்டு போட்டது வெட்கக்கேடான அநீதி என்று அறிவித்திருந்தது. ஜூலையில் போலந்துக்காரர்கள் நிறைந்த போசன் பகுதி பற்றிய விவாதம் வந்தது. அதே தாராளவாதிகளில் பெரும்பாலோர் அதன் ஒரு பகுதியை ஜெர்மனியோடு சேர்க்கக் கைதூக்கினார்கள். தன் மக்களுக்குக் கேட்ட உரிமையை அடுத்தவருக்குத் தர மனம் வரவில்லை. ஹங்கேரியிலும் இதே கதைதான். அங்கே புரட்சிக்குத் தலைமை தாங்கிய கொசூத்தும் அவர் தோழர்களும் பண்ணையடிமை முறையை ஒழித்தார்கள், ஆனால் குரோட்டுகளையும் ருமேனியர்களையும் தனித் தேசமாக ஏற்கவில்லை. ஆஸ்திரிய அரசு அந்தப் பகையைத் தனக்குச் சாதகமாக்கிக்கொண்டது.

இப்போது பிஸ்மார்க். 1862-இல், ஜெர்மானிய அரசுகளில் ஒன்றான பிரஷ்யாவின் நாடாளுமன்றம் ராணுவச் செலவை ஏற்க மறுத்த நேரத்தில்தான் அவர் பிரதமரானார். அக்காலத்தின் பெரிய கேள்விகள் பேச்சாலும் பெரும்பான்மை முடிவாலும் தீராது, இரும்பாலும் இரத்தத்தாலும்தான் தீரும் என்றார். (‘இரத்தமும் இரும்பும்’ என்று நாம் மனப்பாடம் செய்வது பின்னால் மாறிய வரிசை.) பிறகு 4 ஆண்டுகள் நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாத பட்ஜெட்டை வைத்தே ஆட்சி நடத்தினார். தாராளவாதி கொதிக்க வேண்டிய இடம் இது, கொதித்தார்கள். ஆனால் 1866-இல் பிரஷ்யா ஆஸ்திரியாவை வீழ்த்தியது. இரண்டு மாதத்தில் அதே நாடாளுமன்றம் அந்த 4 ஆண்டுச் செலவுகளுக்கும் பின்தேதி ஒப்புதல் கொடுத்தது. ஆதரவு 230, எதிர்ப்பு 75. என்னைக் கேட்டால் ஜெர்மன் தாராளவாதம் முதுகெலும்பை இழந்த நாள் அதுதான், ஜெர்மன் பேரரசை அறிவித்த 1871 வெர்சாய் விழா அல்ல. அந்தப் பேரரசில் 25 வயதான ஆண்கள் அனைவருக்கும் வாக்குரிமை இருந்தது. ஆனால் சான்சலரை, அதாவது அரசின் தலைமை அமைச்சரை, பதவியிலிருந்து இறக்கும் அதிகாரம் அவர்கள் தேர்ந்தெடுத்த சபைக்கு இல்லை.

அப்புறம் ஒரு பயிற்சி. இத்தாலியை எடுத்துக்கொள்ளுங்கள். வட இத்தாலிய அரசான பீட்மாண்டின் 1848 அரசியலமைப்பே 1861-இல் நாடு முழுவதற்கும் நீட்டிக்கப்பட்டது. வாக்களிக்கத் தகுதி பெற்றவர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ 2 சதவீதம். இத்தாலிய ஒற்றுமைக்காகப் போராடிய மாஜினி கேட்டது குடியரசு, கிடைத்தது முடியாட்சி. மேலே சொன்ன இரண்டு கேள்விகளையும் இதற்குப் போட்டு, அரைப் பக்கத்தில் நீங்களே எழுதிப் பாருங்கள்.