நிலத்தை விற்றுக் கல்லூரி இடம் வாங்க வேண்டாம்

சென்ற வாரம் தருமபுரி மாவட்டப் பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம், மகளின் மேற்படிப்புக்கு யோசனை கேட்டு என்னைப் பார்க்க வந்தது. தக்காளி பயிரிடும் தந்தை, தாய், தாய்மாமன், அரசுப் பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த மகள் என நான்கு பேர். மாநில எல்லைக்கு அப்பால் உள்ள ஒரு தனியார் கல்லூரியில் கணினி அறிவியல் இடத்துக்குத் தரகர் நான்காண்டுக்கும் சேர்த்து ஒன்பது லட்சம் கேட்டிருக்கிறார். கிணற்றடி நிலம் அரை ஏக்கரை விற்பதா, வட்டிக்கு வாங்குவதா என்பதே அவர்கள் கேட்க வந்த கேள்வி.

இரண்டும் வேண்டாம் என்றேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்குத் தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. அதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. பொறியியல்தான் வேண்டுமென்றால் அந்த வழியில் போகலாம். அந்த உரிமையை விட்டுவிட்டு எல்லை தாண்டிப் போய் நிலத்தைக் கரைப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை.

ஆனால் அந்தப் பெண்ணுக்குக் கணினியில் நாட்டம் உண்டா என்று அதுவரை யாரும் கேட்கவில்லை. நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது அவள் என் மேசையிலிருந்த மைக்ரோமீட்டரைக் கையில் எடுத்து, "இது எங்க லேப்ல இருந்த திருகு அளவி மாதிரிதானே சார்?" என்று கேட்டாள். ஒரு தாளைக் கொடுத்து அளக்கச் சொன்னேன். தாளை வைப்பதற்கு முன்பு, வெறுமனே மூடிப் பார்த்துச் சுழிப்பிழை, அதாவது எதுவும் வைக்காதபோதும் சுழியைக் காட்டாத பிழை, இருக்கிறதா என்று சரிபார்த்தாள். பிறகுதான் அளந்து, 0.10 மில்லிமீட்டர் என்றாள். சொல்லாமலே சுழிப்பிழை பார்க்கும் பிள்ளையை நான் அடிக்கடி காண்பதில்லை.

அதனால்தான் அரசு ஐ.டி.ஐ.யை, அதாவது தொழிற்பயிற்சி நிலையத்தை, பற்றிப் பேசத் தொடங்கினேன். "பொம்பளப் பிள்ளைய ஐ.டி.ஐ.யில சேர்த்தா சொந்தக்காரங்க முகத்துல எப்படி முழிக்கிறது?" என்றார் தாய்மாமன். அவர் மனத்தில் இருப்பது முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய பட்டறை. தமிழ்நாடு அரசும் டாடா டெக்னாலஜிஸ் நிறுவனமும் 2022இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி 71 அரசு ஐ.டி.ஐ.களில் தொழில் 4.0 எனப்படும் நவீன தானியங்கித் தொழில்நுட்ப மையங்கள் அமைக்கும் பணி தொடங்கியது. கணினிக் கட்டுப்பாட்டில் இயங்கும் சி.என்.சி. இயந்திரப் பணி, மின்வாகனப் பழுதுநீக்கம் போன்ற இரண்டாண்டுப் பிரிவுகளும், தொழிற்சாலை ரோபோக்களுக்கான ஓராண்டுப் பிரிவும் இத்திட்டத்தால் வந்தவை. இவற்றுக்கு ஆள் தேடும் ஆலைகள் ஓசூர் சிப்காட்டிலும் சூளகிரியிலும் போச்சம்பள்ளியிலும், அதாவது பாலக்கோட்டிலிருந்து ரயிலிலோ பேருந்திலோ போய்ச் சேரும் தொலைவிலேயே, இருக்கின்றன.

அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சீருடை, காலணி, மிதிவண்டி, பேருந்துப் பயண அட்டை ஆகியவை கிடைக்கும். அரசுப் பள்ளியில் படித்த பெண் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் உண்டு. இவற்றைவிடப் பெரியது இரட்டைப் பயிற்சி முறை. ஐ.டி.ஐ.யும் அருகிலுள்ள ஆலையும் ஒப்பந்தம் செய்துகொண்டு, பாடத்தை இங்கேயும் கைவேலையைப் பல மாதங்கள் ஆலையிலேயும் நடத்துவது அது. அதன்பின் தொழிற்பழகுநர் (அப்ரண்டிஸ்) பயிற்சி. முப்பது பேருக்குக் குறையாமல் பணியாற்றும் நிறுவனம், மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும் என்பது விதி, ஐ.டி.ஐ. சான்றிதழ் பெற்ற பழகுநருக்கு 2019 விதித்திருத்தப்படி குறைந்தது மாதம் 7,000 ரூபாய் தர வேண்டும். மேலே படிக்க விரும்பினால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும், டிப்ளமோ முடித்தபின் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டிலும் சேரலாம்.

இதை ஊருக்கு ஊர் நடக்கும் ஆள்சேர்ப்பு முகாமோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழை மட்டும் பார்த்துப் பெண்களை அசெம்பிளி லைனில் நிறுத்தும் வேலைக்குச் சம்பளம் உடனே வரும். ஆனால் ஒப்பந்தம் முடிந்து ஊர் திரும்பும்போது கையில் தொழிலும் இருக்காது, சான்றிதழும் இருக்காது. அப்படித் திரும்பி வந்த பெண்கள் இதே நாற்காலியில் உட்கார்ந்து அழுதிருக்கிறார்கள். ஆகவே இந்த விஷயத்தில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

பழகுநர் பயிற்சி முடிந்ததும் அதே ஆலை வேலை கொடுத்தே தீர வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை என்பதையும் அந்தத் தந்தையிடம் மறைக்கவில்லை. அதனால், சேரும் முன்பே ஐ.டி.ஐ. முதல்வரை நேரில் பார்த்து, இந்தப் பிரிவுக்கு எந்த ஆலையோடு எழுத்து மூலமான ஒப்பந்தம் இருக்கிறது, எத்தனை இடங்கள், சென்ற ஆண்டு முடித்தவர்களில் எத்தனை பேர் வேலையில் இருக்கிறார்கள், பெண்களுக்கு விடுதியும் இரவுப் பணிக்கு வண்டியும் உண்டா என்று கேட்கச் சொன்னேன். ஒப்பந்த நகலைக் காட்டத் தயங்கினால் அடுத்த ஐ.டி.ஐ.க்குப் போகலாம்.

அந்தக் கேள்விகளை மகளே தன் கையால் எழுதிக்கொண்டாள். திங்கட்கிழமை தந்தையும் மகளும் மட்டும் போவதாக முடிவாயிற்று. தரகரிடம் ஏற்கெனவே கொடுத்திருந்த பத்தாயிரம் ரூபாயை அதற்கு முன்பே திரும்பக் கேட்டு வாங்கும் பொறுப்பைத் தாய்மாமன் ஏற்றுக்கொண்டார்.