காதில் ஹார்மோன் மாத்திரை வைத்தால் மாட்டுக்குப் புண்ணாக்குச் செலவு மிச்சமாகுமா?

ஆகாது. இன்னும் கூடும்.

வீட்டில் நாலைந்து காளைக்கன்று நிற்கிறது, புண்ணாக்கு விலையில் நொந்துபோய், யாரோ அனுப்பிய அமெரிக்க வீடியோவைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அமெரிக்காவின் நெப்ராஸ்கா மாநிலத்தில் கறிமாடு கொழுக்க வைக்கும் பண்ணை ஒன்றில் எட்டு மாதம் கிடந்தவன் நான். (மருந்துக் கம்பெனிக்கு வக்காலத்து என்று யாரும் கிளம்ப வேண்டாம். ஒரு தொப்பிகூடத் தந்ததில்லை.)

அரிசி மணி போலச் சின்ன உருண்டைகள். எஸ்ட்ராடயோல், ட்ரென்போலோன் என்ற ஹார்மோன்கள். மாட்டை இரும்புக் கூண்டில் நிறுத்தி, காதின் பின்பக்கம் தோலுக்கும் குருத்தெலும்புக்கும் நடுவே ஊசியால் இறக்க வேண்டும். மாதக்கணக்கில் மெல்லக் கசியும். காது கறியில் சேராது, அதனால்தான் அந்த இடம்.

ஒருநாள் மழைச் சேறு, காதெல்லாம் ஈரச் சாணி. வரிசை நீளமாக நின்றதால் துடைக்காமலே குத்தித் தள்ளினேன். மூன்று வாரம் கழித்து மேஸ்திரி இருபது காதுகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். ஆறில் சீழ்க்கட்டி. மருந்து உள்ளே இல்லை. அவர் திட்டவில்லை, என் விரலைப் பிடித்து அந்தக் கட்டியின் மேல் வைத்தார், அவ்வளவுதான்.

சரி, புண்ணாக்குக்கு வருகிறேன். இந்த ஹார்மோன் மாட்டைச் சதை போட வைக்கிறது. சதை என்றால் புரதம். அதைத் தீவனம்தான் தர வேண்டும். அங்கே மக்காச்சோளத் தீவனத்தில் 13 சதவீதம் அளவுக்குப் புரதம் வருமாறு சோயாப் புண்ணாக்கு, கொஞ்சம் யூரியா கலப்பார்கள். இரைப்பை நுண்ணுயிர்கள் யூரியாவைப் புரதமாக்கிக்கொள்ளும், அளவு மீறினால் மாடு செத்துவிடும். தீவனம் சரியாக இருந்தால் எடை 10 முதல் 20 சதவீதம் வேகமாக ஏறும். வெறும் வைக்கோலைப் போட்டுவிட்டுக் காதில் மாத்திரை வைத்தால் மருந்துக் காசு தண்டம். தீவனம் சரியாக இருந்தாலும், இந்த மாத்திரையால் கறியில் கொழுப்பு இழையோடுவது கொஞ்சம் குறையும்.

ஐரோப்பிய ஒன்றியம் இப்படி ஹார்மோன் வைத்த மாட்டின் கறியை 1989 முதல் உள்ளே விடுவதில்லை. அமெரிக்காவில் அனுமதி உண்டு. யார் சரி என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள்.

ஆனால் பிராய்லர் கோழிக்கு ஹார்மோன் ஊசி என்று குடும்பக் குழுவில் வாரம் ஒருமுறை அனுப்பும் சித்தப்பாவை மட்டும் மன்னிக்க முடியவில்லை. பல்லாயிரம் கோழிக்கு யார் தினமும் ஊசி போடுவது? கோழி வளர்வது இனத்தாலும் தீவனத்தாலும். சொன்னால், "மாட்டு டாக்டருக்கு என்ன தெரியும்" என்கிறார்.

உங்கள் கன்றுகளுக்கு முதலில் குடற்புழு நீக்கம் செய்யுங்கள். அப்புறம் பருத்திக்கொட்டைப் புண்ணாக்கு.