கவுன்சில் வரி பாக்கிக்கு நீதிமன்றச் சம்மன்: கேள்வி பதில்

இங்கிலாந்தில் கவுன்சில் வரி (குடியிருக்கும் வீட்டுக்காக உள்ளாட்சிக்குக் கட்டும் வரி) பாக்கிக்காகச் சம்மன் பெற்ற நம்மவர்கள் கேட்ட கேள்விகள் இவை. கடன் ஆலோசனை மையம் ஒன்றில் தன்னார்வலராக இருக்கிறேன்; மொழிபெயர்ப்புக்காகப் பலருடன் நீதவான் நீதிமன்றத்துக்கும் போயிருக்கிறேன்.

சம்மனைப் பார்த்ததிலிருந்து தூக்கமில்லை, அண்ணா. என் பெயரில் குற்றப் பதிவு விழுமா?

விழாது, தம்பி. இது சிவில் விவகாரம். கவுன்சில் கேட்பது ‘லயபிலிட்டி ஆர்டர்’. இந்தத் தொகையைக் கட்டவேண்டியவர் நீங்கள்தான் என்று நீதிமன்றம் உறுதிசெய்யும் ஆணை அது. ஆனால் அது கைக்கு வந்துவிட்டால், கவுன்சில் உங்கள் சம்பளத்திலிருந்து பிடிக்கலாம், பெய்லிஃபை, அதாவது பாக்கிக்காகப் பொருள்களைக் கைப்பற்ற வரும் அலுவலரை, அனுப்பலாம். சம்மன் சேர்ப்பிக்கப்பட்டு 14 நாள்கள் கழியாமல் ஆணை பிறப்பிக்க முடியாது. அந்த இரண்டு வாரத்தை அழுது தீர்த்துவிடாதீர்கள்.

தவறியது ஒரே ஒரு தவணை. ஆண்டுத் தொகை முழுவதையும் கேட்கிறார்களே?

நினைவூட்டல் கடிதம் வந்த 7 நாளில் கட்டவேண்டும். கட்டாமல் இன்னும் 7 நாள் போனால் தவணை உரிமையே பறிபோகிறது. ஆண்டின் மீதித் தொகை முழுவதும் உடனே கட்டவேண்டியதாகிவிடுகிறது. 1992ஆம் ஆண்டு விதிகள் அப்படி. ஏழைகளுக்கு இது மிகக் கொடுமையான விதி என்பதே என் எண்ணம்.

வேலை போய் நான்கு மாதம் ஆகிறது. நீதவானிடம் நிலைமையைச் சொன்னால் குறைப்பாரா?

குறைக்க மாட்டார், தங்கச்சி. அந்த அதிகாரம் அவருக்கு இல்லை. வரி முறைப்படி விதிக்கப்பட்டதா, முறைப்படி கேட்கப்பட்டதா, கட்டப்பட்டதா என்றுதான் பார்ப்பார். கட்டிவிட்டேன் என்று ரசீது காட்டலாம். எனக்குக் கேட்புக் கடிதமே அனுப்பவில்லை என்று வாதிடலாம். கட்டவேண்டிய நாளிலிருந்து 6 ஆண்டுகள் கடந்த பிறகே வழக்குக்கு வந்திருக்கிறார்கள் என்று சொல்லலாம். கையில் காசில்லை என்பது அங்கே செல்லாது.

அதைச் சொல்லவேண்டிய இடம் கவுன்சில். இந்த வேறுபாடு தெரியாமல்தான் எத்தனையோ பேர் நீதவான் முன் மனதைத் திறந்து அழுதுவிட்டு, வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

ஒருமுறை ஓர் அம்மா பை நிறையக் கடிதங்களோடு வந்தார். ஒரு உறைகூடத் திறக்கப்படவில்லை. மேசையில் கொட்டித் தேதி வாரியாக அடுக்கினோம். கணவர் இறந்து இரண்டு ஆண்டுகள். வீட்டில் பெரியவர் என்று அவர் ஒருவர்தான். தனியாக வாழும் பெரியவருக்கு 25 விழுக்காடு தள்ளுபடி உண்டு. அவர் கேட்கவே இல்லை, கவுன்சிலும் முழுத்தொகையே போட்டுவந்தது. கணவர் இறந்த நாளிலிருந்து அதைக் கணக்கிட வைத்தோம். பாக்கியில் பெரும்பகுதி அதிலேயே கழிந்துவிட்டது.

நீங்களும் குறைந்த வருமானத்துக்கான வரிக் குறைப்புக்கு இன்றே விண்ணப்பியுங்கள். அதற்குமேலும் முடியாதென்றால், 1992ஆம் ஆண்டு உள்ளாட்சி நிதிச் சட்டத்தின் 13ஏ பிரிவின் கீழ் கஷ்ட நிவாரணம் கேட்டு எழுதுங்கள். கொடுப்பதும் மறுப்பதும் கவுன்சிலின் விருப்பம், ஆனாலும் கேளுங்கள். கடன் ஆலோசகர் வழியாக 60 நாள் அவகாசம் பெறும் திட்டமும் 2021 மே முதல் இருக்கிறது.

ஐந்து பேர் தனித்தனி ஒப்பந்தத்தில் ஆளுக்கோர் அறை எடுத்திருக்கிறோம். சம்மன் என் பெயரில் வந்திருக்கிறது.

அப்படிப்பட்ட வீட்டுக்குப் பொதுவாக வீட்டுக்காரர்தான் வரி கட்டவேண்டும். ஒப்பந்த நகலோடு கவுன்சிலுக்கு இன்றே எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். சம்மனைத் திரும்பப் பெறவோ விசாரணையைத் தள்ளிவைக்கவோ கேளுங்கள். யார் கட்டவேண்டியவர் என்ற தகராறைத் தீர்ப்பது ‘வேல்யுவேஷன் ட்ரிப்யூனல்’ என்ற தனித் தீர்ப்பாயம். நீதவான் அதற்குள் போகமாட்டார். கவுன்சில் மறுத்தாலோ இரண்டு மாதத்தில் பதில் தராவிட்டாலோ அங்கே மேல்முறையீடு செய்யலாம்.

சம்மன் பழைய வீட்டுக்குப் போய்விட்டது. பெய்லிஃப் கடிதம் வந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது.

ஆணையை நீக்கும்படி நீதவான் நீதிமன்றத்திடம் கேட்கலாம். மூன்று விஷயங்களைக் காட்டவேண்டும்: பாக்கி பற்றி வாதிடத்தக்க உண்மையான தகராறு இருக்கிறது, ஆணை பிறந்ததில் நடைமுறைத் தவறு நேர்ந்திருக்கிறது, தெரிந்தவுடன் தாமதிக்காமல் வந்திருக்கிறீர்கள். மூன்றாவதில்தான் நம்மவர்கள் சறுக்குகிறார்கள். நாளைக்கு என்று வைக்காதீர்கள், ஐயா.

பெய்லிஃப் வந்தால் கதவைத் திறக்கவேண்டிய கட்டாயமில்லை. முதல் வருகையில் கதவை உடைத்து நுழைய அவருக்கு உரிமையில்லை. 2014ஆம் ஆண்டு விதிகள் கடிதக் கட்டத்துக்கு 75 பவுண்டுகளும் வீடு தேடி வரும் கட்டத்துக்கு 235 பவுண்டுகளும் கட்டணமாக வகுத்தன. எனவே கடிதக் கட்டத்திலேயே பேசிவிடுங்கள்.

சிறைக்கு அனுப்புவார்களா?

இந்த விசாரணையில் இல்லை. பெய்லிஃப் முயன்றும் வசூலாகாதபோது, வேறொரு விசாரணை வைத்து, வசதியிருந்தும் வேண்டுமென்றே கட்டவில்லை அல்லது குற்றமான அலட்சியம் என்று கண்டால் மட்டும், இங்கிலாந்தில் மூன்று மாதம் வரை விதிக்கலாம். வேல்ஸில் 2019இல் இதை ஒழித்துவிட்டார்கள்.

விசாரணை நாளில் நேரில் போகவேண்டுமா?

முதலில் கவுன்சிலோடு பேசுங்கள். சம்மன் தொகையையும் செலவையும் முன்பே கட்டிவிட்டால் வழக்கு அத்தோடு நின்றுவிடும். தவணைக்கு ஒத்துக்கொண்டால், பெரும்பாலும் ஆணையை வாங்கி வைத்துக்கொண்டே ஒத்துக்கொள்வார்கள். அதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். செலவுத் தொகையையும் கேள்வி கேட்கலாம். டோட்டன்ஹாம் நீதவான் நீதிமன்றம் 125 பவுண்டுகள் செலவு விதித்ததை எதிர்த்துப் பாதிரியார் பால் நிக்கல்சன் வழக்காடி, 2015இல் உயர் நீதிமன்றத்தில் வென்றார். அந்தத் தொகை எப்படி வந்தது என்று கேட்க உங்களுக்கும் உரிமை உண்டு.

தகராறு இருந்தால் கட்டாயம் போங்கள். ஒரே நேரத்துக்கு ஏராளமான பேரை அழைத்திருப்பார்கள். நான் போன நாள்களில் கவுன்சில் அலுவலர் நடைகூடத்திலேயே மடிக்கணினியோடு உட்கார்ந்திருப்பார். உள்ளே போவதற்கு முன் அவரிடம் போய் ரசீதையும் ஒப்பந்தத்தையும் காட்டுங்கள். அந்த இடத்திலேயே பெயர் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.