மோடம் போட்டாலே மருந்து அடிக்க வேண்டுமா?

கேள்வி: ஐயா, துறையூருக்குப் பக்கத்தில் முக்கால் ஏக்கரில் சின்ன வெங்காயம் வைத்திருக்கிறேன். அப்பாவுக்குப் பிறகு நானாகப் பார்க்கும் இரண்டாவது வெள்ளாமை. பயிருக்கு 42 நாள். போனில் எங்கள் ஊருக்கான ஒரு வார வானிலையைப் பார்த்தால் நான்கு நாளும் மேகமும் மழையும் காட்டியது. மோடம் போட்டால் நோய் வரும் என்று மருந்துக்கடையில் சொன்னதால் இரண்டு பூஞ்சாண மருந்து, டானிக், ஒட்டும் திரவம் எல்லாம் கலந்து அடித்தேன். மூன்று நாள் சொட்டு மழை இல்லை. சரி, இனி வராது என்று நான்காம் நாள் தண்ணீர் கட்டினேன். அன்று சாயங்காலமே ஊற்றித் தள்ளிவிட்டது. மருந்து கரைந்திருக்கும், உடனே இன்னொரு தடவை அடி என்கிறார் கடைக்காரர். அரை கிலோமீட்டர் தள்ளியுள்ள சித்தப்பா தோட்டத்தில் புழுதிகூட அடங்கவில்லை. எந்த ஆப்பைத்தான் நம்புவது? மறுபடி மருந்து அடிக்கவா?

பதில்: தம்பி, மருந்து டப்பாவை வைத்துவிட்டு மண்வெட்டியை எடுங்கள். தண்ணீர் கட்டிய அன்றே மழையும் பெய்திருக்கிறது. பாத்தியில் இன்னும் தண்ணீர் தேங்கியிருந்தால் கடைமடை வரப்பை வெட்டி வடித்துவிடுங்கள். காய் திரளுகிற நேரம் இது. இப்போது வேரடியில் ஈரம் தங்கினால் அடியழுகல் பிடிக்கும், அதை இலைமேல் அடிக்கும் மருந்து தடுக்காது. நீங்கள் முதலில் கேட்டிருக்க வேண்டியது இதைத்தான்.

தண்ணீர் வடிந்ததும் காலையில் வயலுக்குள் பத்து இடத்தில் உட்கார்ந்து வெங்காயத் தாளை, அதாவது இலையைப் பாருங்கள். நீள்வட்டமாக, நடுவில் ஊதா நிறம் ஓடிய புள்ளி தெரிந்தால் மேங்கோசெப் என்ற பூஞ்சாண மருந்து லிட்டருக்கு 2 கிராம் போதும். ஒட்டும் திரவம் மட்டும் அவசியம் சேருங்கள், வெங்காயத் தாளில் மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் உருண்டு ஓடிவிடும். புள்ளி இல்லையென்றால் ஒன்றும் அடிக்க வேண்டாம். குருத்தைப் பிரித்து, சாறு உறிஞ்சும் இலைப்பேன் பூச்சி இருக்கிறதா என்றும் பாருங்கள். பலத்த மழை அதைப் பெரும்பாலும் அடித்துக் கழுவியிருக்கும்.

மோடம் நோயைக் கொண்டுவருவதில்லை. தாள் பல மணி நேரம் நனைந்தே கிடப்பதுதான் கொண்டுவருகிறது. வானம் மூடியிருந்தாலும் காற்றோடித் தாள் உலர்ந்திருந்தால் பயமில்லை. வானம் துடைத்தாற்போல் இருக்கும் இரவில் கொட்டுகிற பனிதான் காலைவரை தாளை நனைத்து வைக்கும். மேகத்தைப் பார்த்து மருந்து எடுத்துக் கொடுப்பவர் உங்கள் வயலில் கால் வைக்கவில்லை. இரண்டு பூஞ்சாண மருந்தோடு டானிக்கையும் ஒரே டேங்கில் கலப்பது வைத்தியமே இல்லை, கடைச் சரக்கைத் தள்ளிவிடும் வேலை. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுக்கவில்லை, இன்னும் சொல்வேன்.

இனி வானிலைக்கு வருவோம். ஆவணி, புரட்டாசியில் உங்கள் பக்கம் பெய்வது பெரும்பாலும் வெப்பச் சலன மழை. காலை வெயிலில் தரை சூடேறி, அதை ஒட்டிய ஈரக்காற்று மேலே கிளம்புகிறது. கிலோமீட்டருக்குச் சுமார் 10 டிகிரி வீதம் குளிர்ந்துகொண்டே போய், ஒரு உயரத்தில் ஈரம் தூசியிலும் உப்புத் துகளிலும் ஒட்டித் துளியாகிறது. இப்படிக் கட்டும் மேகங்களுக்கெல்லாம் அடிப்பக்கம் ஒரே மட்டமாகத் தட்டையாக இருப்பது அதனால்தான். அப்படிப்பட்ட துளி ஏறக்குறைய பத்து லட்சம் சேர்ந்தால்தான் ஒரு மழைத்துளி. கொல்லிமலையும் பச்சைமலையும் காற்றை மேலே ஏற்றிவிடுவதால் அங்கே மேகம் முந்திக் கட்டும். மதியம் கொல்லிமலைமேல் வெள்ளை மேகம் பக்கவாட்டில் பரவினால் விடுங்கள். காலிஃபிளவர் பூப்போல விளிம்பு கூர்மையாக உயர்ந்து, உச்சி பட்டடைக்கல்போல் விரிந்தால் இடிமழை தயாராகிவிட்டது. திடீரென்று குளிர்காற்று முகத்தில் அடித்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் மழை. அப்போது மரத்தடியில் நிற்காமல் வீட்டுக்குள் போய்விடுங்கள்.

இப்படிப்பட்ட மழை மேகம் சில கிலோமீட்டர் அகலம்தான் இருக்கும், ஒரு மணி நேரத்துக்குள் பெய்து ஓய்ந்துவிடும். உங்களுக்குப் பெய்து சித்தப்பாவுக்குப் பெய்யாதது ஆப்பின் தப்பு இல்லை. வானிலைத் துறை 'ஓரிரு இடங்களில்' என்றால், அந்தப் பகுதியின் மழைமானி நிலையங்களில் கால்வாசி அல்லது அதற்கும் குறைவான இடங்களில் பெய்யலாம் என்று அர்த்தம். முக்கால்வாசி இடம் காயும். ஒரு வாரப் படத்தில் ஐந்தாம், ஆறாம் நாள் மேகப் பொம்மையை வைத்துத் தண்ணீர் கட்டுவதைத் தீர்மானிக்காதீர்கள். செவ்வாயும் வெள்ளியும் வரும் வேளாண் வானிலை அறிக்கையைப் படியுங்கள், அதிலும் முதல் இரண்டு நாளை நம்புங்கள். ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை தொடங்கி, கடலில் காற்றழுத்தத் தாழ்வு வந்துவிட்டால் கணக்கு மாறும். அப்போது மேகம் மாவட்டத்தையே போர்த்தும், முன்னறிவிப்பும் கூடுதலாகப் பலிக்கும்.

எந்த ஆப்பும் சொல்லாத ஒன்று உண்டு, உங்கள் வயலில் எவ்வளவு பெய்தது என்பது. வயலுக்கு ஒரு மழைமானி வேண்டும் என்று நான் பார்க்கிற எல்லோரிடமும் சொல்கிறேன். காசு கொடுத்து வாங்க வேண்டாம். பக்கம் செங்குத்தாக, அடி தட்டையாக உள்ள பாத்திரம் எதுவானாலும் சரி. மேலே விரிந்த டம்ளர் ஆகாது, கணக்குத் தப்பும். மரத்துக்கும் மோட்டார் அறைக்கும் எட்டத்தில், காற்றில் சாயாதபடி வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு ஸ்கேலை விட்டு அளந்து, நோட்டில் எழுதிவிட்டுக் கொட்டிவிடுங்கள். வானிலை நிலையங்களிலும் அதே நேரம்தான் அளக்கிறார்கள். ஒரு மில்லிமீட்டர் என்றால் ஏக்கருக்குச் சுமார் 4,000 லிட்டர். அன்று 20 மி.மீ. பெய்திருந்தால் உங்கள் முக்கால் ஏக்கரில் 60,000 லிட்டர் இறங்கியிருக்கும். அதற்கு மேல் நீங்கள் மோட்டாரில் கட்டிய தண்ணீர் வேறு.

எண்ணோடு இரண்டு வார்த்தையும் எழுதுங்கள்: மேகம் எந்தத் திசையில் கட்டியது, காலை எத்தனை மணிக்குத் தாள் காய்ந்தது. கடைக்காரர் அடுத்த முறை அடி என்று சொல்லும்போது அந்தக் கடைசிக் கணக்கை எடுத்துப் பாருங்கள். தாள் தொடர்ந்து இரண்டு மூன்று நாள் பத்து மணி வரை காயாமல் இருந்தால் வயலுக்குப் போய்ப் புள்ளி தேடுங்கள்.

சித்தப்பா தோட்டத்திலும் இதே மாதிரி ஒரு பாத்திரம் வைக்கச் சொல்லுங்கள். தை வரை இரண்டு நோட்டையும் சேர்த்து வைத்திருந்து, அடுத்த நடவுக்கு முன்னால் எனக்கு எழுதுங்கள்.